அந்த ஊசியில் என்ன இருந்தது என்று எங்களுக்கும் சொல்லுங்கள்

பெண்களின் சிறுநீர்க் கசிவுக்குச் சிகிச்சை தரும் மகப்பேறு மருத்துவர்களுக்கும் சிறுநீரியல் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

அடிவயிற்று வலிக்காக ஒரு நாள் ஸ்கேன் எடுக்கப் போனேன். எடுத்த மருத்துவர் கருவியை ஒரே இடத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார்: "சிறுநீர் போகிற குழாயைச் சுற்றி மூன்று இடத்தில் நீர்க்கட்டி மாதிரி தெரிகிறதே, அங்கே முன்பு ஏதாவது சிகிச்சை செய்துகொண்டீர்களா?" செய்துகொண்டிருந்தேன். இருமினால் கசிகிறது என்று ஒன்றரை வருடத்துக்கு முன் ஊசி போட்டார்கள். "என்ன ஊசி?" தெரியாது. "ஜெல்லா, சிலிக்கானா?" அதுவும் தெரியாது. "டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பார்களே?" சீட்டை எடுத்துக் காட்டினேன். கசிவுக்கு ஊசி போடப்பட்டது, நலமாக வீடு திரும்பினார் என்று ஒரே ஒரு வரிதான் அதில் இருந்தது.

அந்த ஸ்கேன் மருத்துவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் அவரால் எழுத முடியாது. கட்டியாக இருக்கலாம், குழாயின் சுவரில் பை போல வீங்கியிருக்கலாம், பழைய ஊசியாகவும் இருக்கலாம் என்று எழுதி, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். அதற்கு நாள் கிடைத்து, எடுத்து, முடிவைப் படித்துச் சொல்ல 11 நாள் ஆனது. அந்த 11 நாளும் 'கட்டி' என்ற ஒரு சொல்தான் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. கடைசியில் பார்த்தால் அது எனக்குப் போட்ட ஜெல். வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. (வயிற்று வலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அது ஒரு வார மாத்திரையில் போய்விட்டது.)

எனக்கு முதலில் ஊசி போட்டவர் கைதேர்ந்த மருத்துவர். அவர் வேலையில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. விடுபட்டது பேச்சும் எழுத்தும்தான். அதனால் இந்தச் சிகிச்சையைச் செய்கிற உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன். ஊசி போடும் முன், அதில் என்ன இருக்கிறது, அது எவ்வளவு செய்யும், எவ்வளவு செய்யாது என்று சொல்லுங்கள். போட்ட பிறகு அதை எழுதிக் கையில் கொடுங்கள்.

எனக்குக் கசிவு ஆரம்பித்தது இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு. முதலில் தும்மினால் மட்டும். பிறகு சிரித்தால், படியிறங்கினால், எதையாவது தூக்கினால். 9 வருடம் யாரிடமும் சொல்லவில்லை. சளி பிடித்தாலே பயம் வரும், ஒரு வாரம் இருமல் என்றால் ஒரு வாரம் வீட்டை விட்டு நகர முடியாது. இருண்ட நிறத்தில் மட்டுமே உடை எடுப்பேன். பையில் எப்போதும் இரண்டு பேடும் ஒரு மாற்று உடையும் இருக்கும். மகள் "வா அம்மா, சேர்ந்து குதிக்கலாம்" என்று கயிற்றை நீட்டும்போதெல்லாம் முட்டி வலிக்கிறது என்று பொய் சொன்னேன். அவள் அதை நம்பி, மற்றவர்களிடம் "அம்மாவுக்கு முட்டி வலி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

உங்கள் அறைக்குள் வந்து உட்காரும் பெண் இத்தனையும் தாண்டித்தான் வருகிறாள். வாயைத் திறந்து சொல்வதற்கே அவளுக்குப் பல வருடம் ஆகியிருக்கும். அப்படிப்பட்டவளிடம் "சின்ன ஊசிதான், சரியாகிவிடும்" என்று சொன்னால் அவள் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்க மாட்டாள். நானும் கேட்கவில்லை. கேட்காததால் புரிந்துகொண்டேன் என்று அர்த்தம் இல்லை.

ஊசிக்கு முன்பு பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் எழுதியதிலிருந்து அவர் பெயரிலேயே வழங்குகிற, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சி. ஒரு நாளைக்கு 3 வேளை, வேளைக்குக் குறைந்தது 8 முறை, குறைந்தது 3 மாதம், அதுவும் தெரிந்த ஒருவரின் மேற்பார்வையில் என்று பிரிட்டனில் சிகிச்சை முறைகளை வகுத்துத் தரும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. எனக்குக் கிடைத்தது படம் போட்ட ஒரு தாள். வீட்டில் அதைப் பார்த்து மாதக்கணக்கில் செய்தேன், பலன் இல்லை. பல நாள் கழித்து ஒரு பிசியோதெரபிஸ்ட் பரிசோதித்தபோதுதான் தெரிந்தது, தசையை மேலே இழுப்பதற்குப் பதிலாக நான் கீழே முக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அது கசிவைக் குறைக்காது, கூட்டக்கூடச் செய்யும். பல பெண்கள் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார் அவர். ஒரு விரல் பரிசோதனையில் தெரிந்துவிடுகிற விஷயம். உடல் எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு எடை குறைந்தால் கசிவும் குறையும் என்பதும் ஆய்வில் உறுதியானதுதான். 2009இல் வெளியான ஒரு ஆய்வில் உடல் எடையில் 8% அளவுக்குக் குறைத்த பெண்களுக்கு வாராந்தரக் கசிவு பாதியை ஒட்டிக் குறைந்தது. இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்து பார்த்தும் போதவில்லை என்றால்தான் ஊசியா, அறுவை சிகிச்சையா என்ற பேச்சு வர வேண்டும்.

அந்தப் பேச்சு வரும்போது எங்களில் பெரும்பாலோர் ஏன் ஊசிப் பக்கம் சாய்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். மெஷ் என்ற சொல்தான் காரணம். குழாய்க்கு அடியில் வலைப்பட்டையை வைத்துத் தாங்கும் அறுவை சிகிச்சை 1990களில் வந்தது. லட்சக்கணக்கான பெண்களுக்குச் செய்தார்கள், பெரும்பாலோர் நன்றாக இருந்தார்கள். ஆனால் வலை அரித்துக்கொண்டு வெளியே வந்தவர்களும், ஓயாத வலியில் மாட்டிக்கொண்டவர்களும் இருந்தார்கள். வலிக்கிறது என்று அவர்கள் சொன்னபோது யாரும் நம்பவில்லை. 2018 ஜூலையில் இங்கிலாந்து அந்தச் சிகிச்சையை நிறுத்திவைத்தது. 2020இல் அரசு அமைத்த, ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான குழு அறிக்கை தந்தது. பெண்கள் சொன்னதை மருத்துவத் துறை காதில் வாங்கவில்லை என்பதுதான் அதன் சாரம். உடம்புக்குள் வைக்கும் ஒவ்வொரு பொருளையும், யாருக்கு, எப்போது, யார் வைத்தார் என்று ஒரே இடத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும் அந்தக் குழு கேட்டது. இந்தக் கடைசிப் பரிந்துரை ஊசிக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் நினைக்கிறேன்.

மெஷ் பயத்தை நான் குறை சொல்லவில்லை, அது நியாயமான பயம். ஆனால் பயத்தோடு வருபவளுக்கு இரண்டு பக்கக் கணக்கையும் காட்ட வேண்டாமா? பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 224 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வலைப்பட்டையும் இன்னொரு பிரிவுக்கு பாலிஅக்ரிலமைடு ஜெல் ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வெளியானது. ஒரு வருடம் கழித்து, பட்டை வைத்தவர்களில் 95% பேர் திருப்தி என்றார்கள். ஊசி போட்டவர்களில் சுமார் 60% பேர். சிக்கல்கள் பட்டை வைத்தவர்களிடம் அதிகம், ஊசி போட்டவர்களிடம் குறைவு. இதில் எது நல்லது என்று உங்களால் எனக்காக முடிவு செய்ய முடியாது, என்னாலும் இன்னொரு பெண்ணுக்காக முடிவு செய்ய முடியாது. 60% போதும், பெரிய சிக்கல் வேண்டாம் என்று ஒருத்தி நினைக்கலாம். இன்னொருத்தி மறுபக்கம் போகலாம். ஊசி போட்ட நாளில் இந்த இரண்டு எண்களும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒருவேளை ஊசியைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். ஆனால் அப்போது அது நான் எடுத்த முடிவாக இருந்திருக்கும்.

ஊசி போட்ட அனுபவத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பயப்பட ஒன்றும் இல்லை. மரத்துப்போக மருந்து கொடுத்தார்கள். குழாய்க்குள் மெல்லிய கேமராவை நுழைத்து, சிறுநீர்ப்பையின் கழுத்துக்குச் சற்றுக் கீழே, சுவரின் உட்படலத்துக்கு அடியில் ஊசியால் சிறுசிறு மேடுகளாக ஜெல்லை வைத்தார்கள். மேடுகள் உள்பக்கமாகப் புடைத்து ஒன்றையொன்று தொடும்போது குழாய் மூடிக்கொள்கிறது. நாமாகச் சிறுநீர் கழிக்கும்போது திறந்து வழிவிடுகிறது. மொத்தமாகப் போகிற ஜெல் ஒன்றிரண்டு மில்லிதான் இருக்கும். கால் மணி நேரத்தில் முடிந்தது. கூட நின்ற நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்போது குத்தும், மூச்சை விடுங்கள்" என்று ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொன்னார். அன்று மாலையே வீட்டில் இருந்தேன். இரண்டு நாள் எரிச்சல், கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான்.

இரண்டு மாதம் ஒரு சொட்டுக்கூட இல்லை. மகளோடு கயிறு குதித்தேன். அப்புறம் ஒரு நாள் தும்மினேன், நனைந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பாதி அளவுக்குத் திரும்பி வந்து அங்கேயே நின்றது. நான் என்னவோ தப்பாகச் செய்து ஊசியைக் கெடுத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். குதித்ததாலா, சுமை தூக்கியதாலா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். மருத்துவரிடம் போகவே கூச்சமாக இருந்தது. மறுபடியும் ஊசி போட வேண்டியிருக்கலாம், காலப்போக்கில் பலன் குறையலாம், அறுவை சிகிச்சை அளவுக்குப் பலன் இருக்காது என்பதையெல்லாம் முன்பே சொல்ல வேண்டும் என்று நைஸ் அமைப்பின் 2019 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. இரண்டு வாக்கியம் பேசியிருந்தால் அந்த ஒன்றரை வருடக் குற்ற உணர்வு எனக்கு வந்திருக்காது.

பொருளின் பெயரில் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். எம்.ஆர்.ஐ.க்குப் பிறகு இந்த ஊசியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு முறை பாருங்கள். 1938இலேயே தழும்பு உண்டாக்கி இறுக்குவதற்காக ஒரு ரசாயனத்தை அந்த இடத்தில் ஊசியால் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். பிறகு பாரஃபின். 1970களில் டெஃப்லான் பசை. அதன் துகள்கள் இடம் மாறி, விலங்குகளின் நுரையீரலிலும் மூளையிலும் இருந்ததை 1984இல் வெளியான ஆய்வு காட்டியது. பெண்ணின் சொந்தக் கொழுப்பையே எடுத்துப் போட்டால் ஒவ்வாமை வராது என்று நினைத்தார்கள். 2001இல் வெளியான சோதனையில் அது வெறும் உப்புநீரைவிட மேலாக இல்லை, கொழுப்பு நுரையீரல் ரத்தக் குழாயை அடைத்து ஒரு பெண் இறந்தே போனார். மாட்டுக் கொலாஜன் 1993 முதல் அமெரிக்காவில் புழங்கியது. முதலில் தோலில் போட்டு ஒவ்வாமை இருக்கிறதா என்று வாரக்கணக்கில் பார்த்த பிறகுதான் போட வேண்டும். அதையும் உடம்பு கரைத்துவிடும், திரும்பத் திரும்பப் போட வேண்டும். 2011இல் அதன் தயாரிப்பு நின்றது. டெக்ரெஸ் என்ற பொருள் குழாயை அரித்ததால் சந்தையிலிருந்து போனது. ஜூய்டெக்ஸ் என்ற ஜெல் சிலருக்குச் சீழ்க்கட்டி உண்டாக்கியதால் அதையும் விட்டார்கள்.

இப்போது இருப்பவையும் ஒரே மாதிரி இல்லை. மேக்ரோபிளாஸ்டிக் என்பது சிலிக்கான் துகள்கள். கோஆப்டைட் என்பது எலும்பில் இருக்கும் கால்சியம் சேர்மத்தின் நுண்மணிகள், அது சி.டி. ஸ்கேனில் கல் போலத் தெரியும். டியூராஸ்பியர் என்பது கார்பன் பூசிய மணிகள். எனக்குப் போட்ட பல்கமிடு 97.5% தண்ணீரும் 2.5% பாலிஅக்ரிலமைடும் சேர்ந்த ஜெல். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்கு 2020இல் அனுமதி தந்தது. ஐரோப்பாவில் அதற்கு வெகுமுன்பே புழக்கத்துக்கு வந்துவிட்டது. துகள் கிடையாது, இடம்பெயராது, கரையவும் கரையாது. கரையாது என்றால் என் காலம் முழுவதும் எனக்குள் இருக்கும் என்று அர்த்தம். 20 வருடம் கழித்து இன்னொரு ஊரில் இன்னொருவர் எனக்கு ஸ்கேன் எடுப்பார். நாளைக்கே ஏதாவது ஒரு பொருளில் கோளாறு என்று செய்தி வந்தால், அது எனக்குள் இருக்கிறதா இல்லையா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வேன்? டெஃப்லான் போட்டுக்கொண்ட பெண்கள் எத்தனை பேருக்கு அதன் பெயர் தெரிந்திருக்கும்?

இன்னொரு காரணமும் உண்டு, அது அவசர நேரத்துக்கானது. ஊசி போட்ட ஓரிரு நாளில் சிலருக்குச் சிறுநீர் இறங்காமல் போகலாம். அப்போது மெல்லிய கத்தீட்டர் (சிறுநீரை வடிக்கும் குழல்) போட்டு வடித்துவிட்டு உடனே எடுத்துவிட வேண்டும். தடித்த கத்தீட்டரை உள்ளேயே விட்டுவைத்தால் புதிதாக வைத்த மேடுகள் அதைச் சுற்றி அமுங்கிப்போகும். நடு இரவில் அவள் ஓடுவது உங்களிடமா இருக்கும்? பக்கத்தில் திறந்திருக்கும் ஏதோ ஒரு மருத்துவமனைக்கு ஓடுவாள். அங்கே இருக்கும் இளம் மருத்துவருக்கு இதைச் சொல்ல அவள் கையில் ஒரு சீட்டு வேண்டும்.

சரி, இவ்வளவு சொல்லவும் உங்களுக்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். உங்கள் வரிசையின் நீளம் எனக்குத் தெரியும், அதில் மணிக்கணக்கில் உட்கார்ந்தவள் நான். ஆனால் இரண்டாவது முறை நான் போன வேறொரு மருத்துவர் இதை எல்லாம் ஏழெட்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். ஒரு தாளில் சிறுநீர்க்குழாயை வட்டமாக வரைந்து, ஜெல் எங்கெங்கே வரும் என்று புள்ளி வைத்தார். "இதனால் முழுசாக உலர்ந்துவிடுபவர்களும் உண்டு, குறைவதோடு நின்றுவிடுபவர்களும் உண்டு, ஒன்றுமே மாறாதவர்களும் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் என்று எனக்கு இப்போது தெரியாது" என்றார். அப்புறம் என்னிடம் கேட்டார்: "எது நடந்தால் நன்றாகிவிட்டது என்று சொல்வீர்கள்?" இருமும்போது பேடு இல்லாமல் இருக்க வேண்டும், ஓடுவதெல்லாம் வேண்டாம் என்றேன். "அது நடக்க வாய்ப்பு இருக்கிறது, உறுதி சொல்ல மாட்டேன்" என்றார். 'உறுதி சொல்ல மாட்டேன்' என்று ஒரு மருத்துவர் சொன்னதைக் கேட்டு எனக்கு நம்பிக்கை வந்தது அன்றுதான். போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்று இரண்டு வாரம் கொடுத்தார்.

என் கசிவு எந்த வகை என்பதையும் அவர்தான் விளங்கவைத்தார். இருமல், தும்மல், தூக்குதல் என்று வயிற்றில் அழுத்தம் ஏறும்போது கசிவது ஒன்று. திடீரென்று அடக்க முடியாமல் வந்து கழிப்பறைக்குப் போவதற்குள் கசிவது இன்னொன்று. இந்த ஊசி முதலாவதற்கு மட்டும். இரண்டும் கலந்து இருக்கும் பெண்ணிடம் இதைச் சொல்லாமல் ஊசி போட்டால், பாதித் தொல்லை அப்படியே இருக்கும். ஊசி வேலை செய்யவில்லை என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

இந்த ஊசிக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மயக்க மருந்து தாங்காத வயதான பெண்ணுக்கு, மெஷ் வேண்டவே வேண்டாம் என்கிறவளுக்கு, ஏற்கெனவே அறுவை சிகிச்சை செய்தும் மறுபடி கசிகிறவளுக்கு இது பெரிய உதவி. இதைப் போட்டதால் பிறகு அறுவை சிகிச்சைக்கான கதவு அடைபடுவதும் இல்லை. எனக்கு இரண்டாவது ஊசிக்குப் பிறகு நாளைக்கு நான்கு பேடு என்பது, சளி பிடித்த நாளில் மட்டும் ஒன்று என்று ஆகிவிட்டது. எனக்கு அது போதும்.

ஆனால் இது நிலைத்து நிற்குமா என்று நான் கேட்டால் உங்களிடம் உறுதியான பதில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். மருத்துவச் சோதனைகளை ஒன்றுதிரட்டி ஆராயும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பு 14 சோதனைகளையும் அவற்றில் இருந்த 2,004 பெண்களையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, நடைமுறைக்கு வழிகாட்ட இந்தச் சான்று போதாது என்றுதான் முடித்தது. 1938இலிருந்து எத்தனை பெண்களுக்குப் போட்டிருக்கிறீர்கள்! அவர்களில் பெரும்பாலோர் மறுபடி வரவில்லை என்றால், நலமாக இருப்பதாலும் வராமல் இருக்கலாம், என்னைப் போலக் கூச்சப்பட்டும் வராமல் இருக்கலாம். ஒரு வருடத்தில் ஒரு முறை, மூன்று வருடத்தில் ஒரு முறை நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். "இப்போது எப்படி?" என்று மட்டும் கேட்டால் நாங்கள் "பரவாயில்லை" என்போம், அதுதான் எங்கள் பழக்கம். ஒரு நாளைக்கு எத்தனை பேடு, எதைச் செய்யாமல் தவிர்க்கிறீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பதில்களை எழுதிவைத்து, உங்கள் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பதிவேட்டில் போடுங்கள்.

சீட்டில் அதிகம் வேண்டாம். பொருளின் பெயர், தயாரிப்பு எண், எத்தனை மில்லி, குழாயின் எந்தெந்தப் பக்கம், எந்தத் தேதி, மெல்லிய கத்தீட்டர் மட்டும் போடவும் என்ற குறிப்பு. உள்ளங்கை அளவு அட்டையில் அடங்கிவிடும். இரண்டாவது ஊசிக்கு எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது, அதை அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அதன் பின்பக்கத்தில் முதல் ஊசியைப் பற்றியும் நானே எழுதினேன். பெயரை எழுத முடிந்தது, அதுவும் எம்.ஆர்.ஐ.க்குப் பிறகு மருத்துவமனைக்கு மூன்று முறை நடந்து கேட்டதால். தயாரிப்பு எண், எத்தனை மில்லி என்ற இரண்டு இடமும் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருத்தி